பெயரை வெட்டாமல் பகிருங்கள்

அடுத்தவர் எடுத்த காணொளியை, எழுதிய கட்டுரையைத் தன்னுடையதாகப் போட்டுக் காசு பார்ப்பது இணையத்தில் தனித் தொழிலாகவே வளர்ந்துவிட்டது. 2025 ஜூலையில் ஒரே வாரத்துக்குள் யூடியூபும் ஃபேஸ்புக்கும் இதைப் பற்றிப் பேச வேண்டியதாயிற்று. மொத்தமாகத் தயாரித்துக் கொட்டப்படும் ஒரே அச்சுக் காணொளிகளுக்கு வருமானம் கிடையாது என்ற விதியை யூடியூப் புதுப்பித்தது. பிரபலப் படைப்பாளிகளின் பெயரில் நடமாடிய சுமார் ஒரு கோடி போலிக் கணக்குகளை அந்த ஆண்டின் முதல் பாதியில் மட்டும் நீக்கியதாக ஃபேஸ்புக் சொன்னது. பேச்சு சில நாட்களில் அடங்கிவிட்டது. திருட்டை யார் பிடிப்பது, உழைத்தவருக்கு என்ன கொடுப்பது என்ற கேள்விகளுக்கு இன்னும் பதில் இல்லை.

இது சென்னையில் ஸ்டுடியோ வைத்திருப்பவர்களின் கவலை என்று ஒதுக்கிவிட முடியாது. நாமக்கல் மாவட்டத்தில், ராசிபுரத்திலிருந்து ஆத்தூர் போகும் சாலையில் இருக்கும் நாமகிரிப்பேட்டையையே எடுத்துக்கொள்வோம்.

சட்டைப் பை எந்தப் பக்கம்?

பொங்கல் கழிந்ததும் இந்த வட்டாரத்தில் மஞ்சள் வெட்டு மும்முரமாகும். வெட்டியதை வேகவைத்து, களத்தில் காயப்போட்டு, பாலீஷ் போட்டு, மூட்டை பிடித்து, செவ்வாய்க்கிழமை ஏலத்துக்குக் கொண்டுபோவது வரை இன்று எல்லாமே கைப்பேசியில் பதிவாகிறது. விரலி என்ன விலை போயிற்று, உருண்டை என்ன விலை, பனங்காலி என்ன விலை என்று ஏலம் நடக்கும் இடத்திலிருந்தே சொல்லிவிடுகிறார்கள். இவர்கள் யாரும் படப்பிடிப்பு கற்றவர்கள் அல்லர். காட்டு வேலைக்கு நடுவே, மஞ்சள் கறை படிந்த விரலால் எடுக்கிறார்கள்.

இதைத் திருடுவது பத்து நிமிட வேலை. காணொளியைத் தரவிறக்கி இடம் வலமாகத் திருப்ப வேண்டும். ஓரத்தில் உள்ள சேனல் பெயர் போகிற அளவுக்குச் சுற்றிலும் வெட்ட வேண்டும். வேகத்தைக் கொஞ்சம் கூட்டி, விவசாயியின் குரலை எடுத்துவிட்டு இயந்திரக் குரலை ஏற்ற வேண்டும். அவ்வளவுதான். நகலைக் கண்டுபிடிக்கும் மென்பொருள் பல சமயம் இதில் ஏமாந்துவிடுகிறது.

ஊர்க்காரர் ஏமாற மாட்டார். களத்தில் வேலை செய்யும் பெண்கள் சேலைக்கு மேல் ஆண் சட்டை போட்டிருப்பார்கள். திருப்பிய காணொளியில் அத்தனை பேருடைய சட்டைப் பையும் வலது பக்கம் போயிருக்கும். பின்னால் நிற்கும் லாரியில் எழுத்து கண்ணாடியில் தெரிவதுபோல மாறிக் கிடக்கும். போதமலை இருக்க வேண்டிய திசையில் வெறும் வானம் இருக்கும். “இது நம்ம பக்கத்துக் காடாச்சே, இவன் எங்கே வந்து எடுத்தான்?” என்று பார்த்த மாத்திரத்தில் கேட்டுவிடுவார்கள். இந்தக் கேள்வியைப் பதிவுசெய்யத்தான் அந்தத் தளங்களில் சரியான இடம் இல்லை.

இழப்பு காசு மட்டுமா?

யூடியூபில் விளம்பர வருமானம் பெற ஆயிரம் சந்தாதாரர்களும், ஓராண்டில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும் என்பது வழக்கமான வரம்பு. நகல் எடுத்தவர் பார்வையாளர்களை அள்ளிக்கொண்டால், அசல் சேனல் அந்த வரம்பை எட்டுவதே இல்லை. இது கண்ணுக்குத் தெரிகிற நஷ்டம்.

இன்னொரு நஷ்டம் பார்க்கிறவருக்கு. கிழங்கு அழுகலுக்கு என்ன செய்தேன் என்று ஒரு விவசாயி சொல்கிறார் என்றால், அது அவருடைய மண்ணுக்கும் தண்ணீருக்கும் சொன்னது. செம்மண்ணா, கரிசலா, வடிகால் எப்படி என்று சந்தேகம் இருந்தால் அவரிடமே கேட்கலாம், பதில் வரும். இயந்திரக் குரல் ஏற்றிய நகலில் மருந்தின் பெயர் மட்டும் மிஞ்சும். எந்த ஊர், எந்த மண், எந்தப் பருவம் என்பதெல்லாம் வெட்டுப்பட்டுப் போயிருக்கும். கீழே நூறு பேர் கேள்வி கேட்டிருப்பார்கள். பதில் சொல்ல அங்கே யாரும் இல்லை, ஏனென்றால் போட்டவருக்கு மஞ்சள் செடி எப்படி இருக்கும் என்றே தெரியாது.

ஏல விலைப் பட்டியலும் இப்படித்தான். தேதியையும் எடுத்தவர் பெயரையும் வெட்டிவிட்டு வாட்ஸ்அப்பில் சுற்ற விட்டால், போன மாத விலை இந்த வார விலையாகிவிடும். வீட்டில் மூட்டையை அடுக்கி வைத்துக்கொண்டு விலைக்குக் காத்திருப்பவர் அதைப் பார்த்து முடிவெடுத்தால் பாதிப்பு நேராக அவர் மடியில் விழும்.

ஆகவே படைப்புத் திருட்டில் முதலில் திருடப்படுவது பெயர். பெயர் போனால் பொறுப்பும் போகிறது. பணம் அதற்குப் பிறகு வருகிற கணக்கு. தளங்களின் விதிகள் பெரும்பாலும் பணத்தைச் சுற்றியே எழுதப்பட்டிருப்பதால்தான் இந்தத் திருட்டு அவற்றின் கையில் சிக்குவதில்லை என்பது என் கணிப்பு.

இயந்திரக் காவலர் யாரைப் பிடிக்கிறார்?

யூடியூப் 2007 முதல் ‘கன்டென்ட் ஐடி’ என்ற தானியங்கி முறையை வைத்திருக்கிறது. இசை நிறுவனங்களும் படத் தயாரிப்பு நிறுவனங்களும் தங்கள் ஒலியையும் ஒளியையும் அதில் ஏற்றி வைத்துவிடுகின்றன. யார் எதைப் பதிவேற்றினாலும் இயந்திரம் ஒப்பிட்டுப் பார்த்து உரிமை கோரிவிடும். 2021இன் முதல் ஆறு மாதங்களில் மட்டும் 72 கோடிக்கு மேல் இப்படி உரிமைக் கோரிக்கைகள் எழுந்ததாக யூடியூபே அறிக்கை வெளியிட்டது. அவற்றை எதிர்த்து முறையிட்டது நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. முறையிட்டதில் அறுபது சதவீதம் பதிவேற்றியவர் பக்கமே தீர்ந்தது.

இந்தக் கடைசி இரண்டு எண்களையும் சேர்த்துப் படிக்க வேண்டும். கேட்டவர்களில் பாதிக்கு மேல் வென்றிருக்கிறார்கள். ஆனால் கேட்கவே ஆள் இல்லை. கோரிக்கைகளில் மிகப் பல நியாயமானவையாக இருக்கலாம். ஆனால் சட்ட மொழியில் எழுதிய படிவத்தைப் பார்த்துப் பயந்து, “எதற்கு வம்பு” என்று விட்டுவிட்டவர்களும் அந்தக் கணக்கில் இருக்கிறார்கள்.

இந்த இயந்திரம் இசைக் கலைஞர்களையும் விடுவதில்லை. நாமகிரிப்பேட்டை என்றதும் மஞ்சளுக்கு முன்பே நினைவுக்கு வருவது நாதசுரம். நாமகிரிப்பேட்டை கிருஷ்ணன் 1924இல் பிறந்து 2001இல் மறைந்தவர். 1981இல் பத்மஸ்ரீயும் சங்கீத கலாநிதியும் ஒரே ஆண்டில் பெற்றவர். அவர் வாசிப்பு ஒலிக்காத கல்யாண மண்டபம் தமிழ்நாட்டில் குறைவு. கல்யாணத்தில் அதை ஒலிக்கவிடுவதில் சட்டச் சிக்கல் இல்லை. பதிப்புரிமைச் சட்டம் 1957இன் 52ஆம் பிரிவு மதச் சடங்குக்கு விலக்கு தருகிறது. கல்யாண ஊர்வலமும் அதைச் சார்ந்த கொண்டாட்டங்களும் அதில் அடங்கும். 2023 ஜூலையில் ஒன்றிய அரசு இதைத் தனி அறிவிப்பாகவே வெளியிட்டு, ஹோட்டல்களிலும் மண்டபங்களிலும் கட்டணம் கேட்பதை ஏற்க வேண்டாம் என்று தெளிவுபடுத்தியது.

அதே கல்யாணக் காணொளியை இணையத்தில் ஏற்றினால் கதை வேறு. பதிவு ஒரு நிறுவனத்துக்குச் சொந்தம் என்றால் அது உரிமை கோருவதில் தப்பில்லை. சிக்கல் நேரடி வாசிப்பில் இருக்கிறது. தியாகராஜர் மறைந்தது 1847இல். அவர் கீர்த்தனை இன்று யாருக்கும் தனிச் சொத்து இல்லை. ஒரு நாதசுரக் குழு அதைத் தானே வாசித்துப் பதிவேற்றும்போது, பழைய ஒலிப்பதிவோடு ஒத்துப்போகிறது என்று இயந்திரம் கருதிவிடலாம். 2018இல் பிரிட்டனைச் சேர்ந்த பியானோ கலைஞர் ஜேம்ஸ் ரோட்ஸ் தன் வீட்டில் உட்கார்ந்து இசையமைப்பாளர் பாக்கின் இசையை வாசித்து ஃபேஸ்புக்கில் போட்டார். பாக் மறைந்து இரண்டரை நூற்றாண்டுக்கு மேல் ஆகிறது. அதில் 47 நொடிகள் சோனிக்குச் சொந்தம் என்று இயந்திரம் தடுத்தது. அவர் ஊரறிந்தவர், ட்விட்டரில் சத்தம் போட்டார், கோரிக்கை திரும்பப் பெறப்பட்டது. மேளக்காரர் தெருவில் இருப்பவர் எங்கே போய்ச் சத்தம் போடுவார்?

இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. யூடியூபில் தொண்ணூறு நாட்களுக்குள் மூன்று பதிப்புரிமைப் புகார்கள் உறுதியானால் சேனலே போய்விடும். 2025 மே மாதம் ஏ.என்.ஐ. செய்தி நிறுவனத்தின் சில நொடிக் காட்சிகளைப் பயன்படுத்தியதற்காகத் தன் சேனலுக்கு இந்த மிரட்டல் வந்ததாகவும், விலக்கிக்கொள்ள நாற்பது லட்சம் ரூபாய்க்கு மேல் கேட்டதாகவும் மோஹக் மங்கல் என்ற யூடியூபர் வெளிப்படையாகக் குற்றம்சாட்டினார். எங்கள் உரிமையைத்தான் காக்கிறோம் என்றது நிறுவனம். விவகாரம் டெல்லி உயர் நீதிமன்றம் வரை போயிற்று. யார் பக்கம் நியாயம் என்பது ஒருபுறம் இருக்கட்டும். திருட்டைத் தடுக்க வைத்த கதவு, பெரியவர் சிறியவரிடம் பேரம் பேசும் கதவாகவும் ஆக முடியும் என்பது அதில் தெரிந்தது.

மஞ்சளுக்கே நடந்தது

எது அசல், யார் முதலில் என்ற வழக்கை மஞ்சளே ஒரு முறை சந்தித்திருக்கிறது. 1995 மார்ச்சில் அமெரிக்காவின் மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்கு ஒரு காப்புரிமை கிடைத்தது. மஞ்சள் புண்ணை ஆற்றும் என்பதுதான் அவர்கள் ‘கண்டுபிடிப்பு’. காப்புரிமை வேறு, பதிப்புரிமை வேறு, சட்டமும் வேறு. ஆனால் அந்த வழக்கு சொல்லிக்கொடுத்த பாடம் இரண்டுக்கும் பொருந்தும்.

ஆர்.ஏ. மஷேல்கர் தலைமையில் இருந்த அறிவியல் தொழிலக ஆராய்ச்சி மன்றம் அதை எதிர்த்தது. எங்கள் பாட்டி காலத்திலிருந்து பூசுகிறோம் என்று சொன்னால் எடுபடாது. வேறு நாட்டில் ஒரு விஷயம் புழக்கத்தில் இருந்ததற்கு அச்சில் வந்த சான்று வேண்டும் என்பது அன்றைய அமெரிக்கச் சட்டம். சமஸ்கிருதம், உருது, இந்தி நூல்கள் என்று 32 சான்றுகளைத் தேடி எடுத்தார்கள். 1953இல் இந்திய மருத்துவக் கழகத்தின் இதழில் வெளிவந்த கட்டுரையும் அதில் ஒன்று. 1997இல் காப்புரிமை ரத்தானது. அந்த அனுபவத்தில்தான் 2001இல் மரபு அறிவுக்கான மின்னணு நூலகத்தை இந்தியா தொடங்கியது.

கோடிக்கணக்கான வீடுகளுக்குத் தெரிந்த ஒன்றைக் காப்பாற்றியது, தேதியோடு எழுதி வைத்திருந்த ஒரு சில தாள்கள். மஞ்சள் விளைகிற ஊர்க்காரர்கள் இதை மறக்கக் கூடாது.

தமிழர் கண்ட வழி

தேதியோடும் பெயரோடும் எழுதி வைப்பதை ஒழுங்காகச் செய்யும் தமிழ்க் குழுக்கள் கால் நூற்றாண்டாக இருக்கின்றன. அவற்றில் மூத்தது மதுரைத் திட்டம். 1998 பொங்கலன்று, சுவிட்சர்லாந்தில் இருந்த கு. கல்யாணசுந்தரம் முன்னின்று தொடங்கியது. பழந்தமிழ் நூல்களைத் தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து மின்னூலாக்கினார்கள். ஒருவருக்கும் சம்பளம் இல்லை. ஒவ்வொரு கோப்பின் தலைப்பகுதியிலும் தட்டச்சு செய்தவர் யார், பிழை திருத்தியவர் யார் என்று நன்றியோடு போட்டிருப்பார்கள். யாரும் எடுத்துப் பரப்பலாம், ஆனால் இந்தத் தலைப்பகுதியை அப்படியே வைத்திருக்க வேண்டும் என்பதே ஒரே நிபந்தனை.

அந்த நூல்கள் இன்று எத்தனையோ தளங்களிலும் செயலிகளிலும் கிடக்கின்றன. தட்டச்சுப் பிழைகூட மாறாமல் இருக்கிறது. தலைப்பகுதி மட்டும் பல இடங்களில் காணாமல் போயிருக்கிறது. காசு கேட்காதவர்கள் கேட்ட ஒரே கூலியைக்கூடக் கொடுக்க மனம் வராத கூட்டம் நம்மிடம் இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

தமிழ் விக்கிப்பீடியா 2003இல் தொடங்கியது. 2017இல் ஒரு லட்சம் கட்டுரைகளைத் தொட்டது. அங்கே திருட்டை எப்படிப் பிடிக்கிறார்கள் என்பதைக் கொஞ்சம் அருகிலிருந்து பார்க்கலாம். புதிதாக வந்த ஒருவர் ஒரு கோயிலைப் பற்றிக் கட்டுரை போடுகிறார். ‘அண்மைய மாற்றங்கள்’ பக்கத்தில் அது உடனே எல்லோருக்கும் தெரியும். படித்துப் பார்க்கிறவருக்கு நடை சந்தேகத்தைக் கொடுக்கிறது. பத்திக்கு நடுவில் ‘மேலும் படிக்க’ என்று ஒரு வரி ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது. ஒரு வாக்கியத்தை எடுத்து அப்படியே தேடினால் ஏதோ ஒரு செய்தித் தளத்தில் கிடைத்துவிடுகிறது.

உடனே தடை போட்டுவிடுவதில்லை. எழுதியவரின் பேச்சுப் பக்கத்தில், வணக்கம் சொல்லி, இது இன்ன இடத்திலிருந்து எடுத்தது, இப்படி எடுக்கக் கூடாது, தகவலை உங்கள் சொல்லில் எழுதி ஆதாரத்தைக் கீழே கொடுங்கள் என்று எழுதுகிறார்கள். நகலெடுத்த பகுதி நீக்கப்படுகிறது. அந்தச் செய்தியை எழுதியவனே நான்தான் என்றால் அதை நிரூபித்து அனுமதி தரவும் வழி இருக்கிறது. திரும்பத் திரும்பச் செய்தால்தான் தடை. கருத்து வேறுபாடு வந்தால் ‘ஆலமரத்தடி’ என்ற பொதுப் பக்கத்தில் பேசித் தீர்க்கிறார்கள். பெயருக்கேற்ற இடம்தான். யார், என்ன, எப்போது மாற்றினார்கள் என்ற வரலாறு ஒவ்வொரு கட்டுரையோடும் நிற்கும். காற்புள்ளி ஒன்றை மாற்றியவர் பெயர்கூட அதில் இருக்கும்.

தமிழுக்கு இப்படி ஆள் வைத்துப் பார்ப்பது கட்டாயமாகவும் இருக்கிறது. நம் அச்சுப் புத்தகங்களில் பெரும்பகுதி இன்னும் தேடக்கூடிய எழுத்தாக இணையத்துக்கு வரவில்லை. பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்து வைத்தவை வேறு. இவற்றிலிருந்து அப்படியே எடுத்து எழுதினால் மென்பொருள் ‘நூறு சதவீதம் அசல்’ என்று சான்று கொடுத்துவிடும். அந்தப் புத்தகத்தைப் படித்த ஒரு ஆள்தான் பிடிக்க முடியும்.

பெரிய நிறுவனத்தையும் இதே குழு கேள்வி கேட்டிருக்கிறது. 2009 வாக்கில் கூகுள் கூலிக்கு ஆள் வைத்து ஆங்கிலக் கட்டுரைகளை மொழிபெயர்த்துத் தமிழ் விக்கிப்பீடியாவில் ஏற்றியது. நடை கரடுமுரடாக இருந்தது. எழுதியவர்கள் திரும்பி வந்து திருத்தவில்லை. தமிழ் விக்கிப்பீடியர்கள் நிறுவனத்தோடு பேசி, போட்டதைச் செம்மைப்படுத்திவிட்டுப் புதிதாகப் போடுங்கள் என்றார்கள். 2010இல் போலந்தில் நடந்த விக்கிப்பீடியர்களின் உலக மாநாட்டில், அவர்களில் ஒருவரான ரவிசங்கர் இந்த அனுபவத்தைக் கட்டுரையாக வைத்தார். செயற்கை நுண்ணறிவு எழுதிக் குவிக்கும் இன்றைய பிரச்சினைக்கு அது ஒரு முன்னோட்டம்.

வெகுமதிக்கு வருவோம். 2011 நவம்பரில் தொடங்கி 2012 பிப்ரவரி வரை நடந்த ஊடகப் போட்டியில், தானே எடுத்த படங்களையும் ஒலிகளையும் பொதுவில் தருபவர்களுக்குப் பரிசு கொடுத்தார்கள். விக்கிப்பீடியாவின் ஆசிய மாதப் போட்டியில் வென்றவருக்கு வேறொரு ஆசிய நாட்டிலிருந்து ஓர் அஞ்சலட்டை வரும், பணம் கிடையாது. அதற்காகவே ராத்திரி கண்விழித்து எழுதியவர்கள் உண்டு. முதற்பக்கத்தில் பங்களிப்பாளரை அறிமுகப்படுத்துவது இன்னொரு வெகுமதி. தொடக்க காலம் தொட்டு ஆயிரக்கணக்கான கட்டுரைகளை எழுதிய இ. மயூரநாதனுக்குக் கனடாவின் தமிழ் இலக்கியத் தோட்டம் 2015ஆம் ஆண்டுக்கான இயல் விருதைக் கொடுத்தது. ஓர் இலக்கிய அமைப்பின் மரியாதை, கலைக்களஞ்சியம் எழுதிய ஒருவருக்குப் போனது பெரிய விஷயம்.

எல்லாம் சரியாக இருக்கிறது என்றும் சொல்ல மாட்டேன். 2018இல் தொடங்கிய ‘வேங்கைத் திட்டம்’ போட்டியில் இந்திய மொழி விக்கிப்பீடியாக்கள் மோதின. முதல் முறை பஞ்சாபி முந்தியது, அடுத்த முறை தமிழ் வென்றது. ரொக்கப் பரிசு இருந்ததால் கட்டுரைகள் குவிந்தன. போட்டி முடிந்ததும் குவிந்த கூட்டம் கலைவதும், எண்ணிக்கைக்காக எழுதிய கட்டுரைகளைப் பழைய ஆட்களே உட்கார்ந்து திருத்துவதும் இப்படிப்பட்ட போட்டிகளின் வாடிக்கை. பரிசுப் பணம் ஆளைக் கூட்டி வரும். தங்க வைப்பது மரியாதைதான்.

மனப்பாடத்துக்கு மதிப்பெண்

நாமக்கல் மாவட்டத்துக்காரர்கள் இன்னொன்றையும் பேசியாக வேண்டும். விடுதியோடு கூடிய பள்ளிகளால் பெயர் பெற்ற மாவட்டம் இது. புத்தகத்தில் இருப்பதை வரி மாறாமல் எழுதினால் முழு மதிப்பெண் என்று பழக்கியே தலைமுறைகளை அனுப்பினோம். சொந்தமாக எழுதிய பிள்ளைக்குப் பாதி மதிப்பெண் போட்டோம். அதே பிள்ளை ஆய்வுப் பட்டத்துக்குப் போனதும், பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதி குறுக்கே நிற்கிறது. பத்து சதவீதத்துக்கு மேல் பிறர் எழுத்தோடு ஒத்திருந்தால் திருத்தி எழுத வேண்டும், அறுபதைத் தாண்டினால் பதிவே ரத்து. பதினைந்து ஆண்டு கொடுத்த பயிற்சியை ஒரே நாளில் குற்றம் என்கிறோம். அடுத்த பயிற்சி மையத்தின் குறிப்புகள் மேல் தன் முத்திரையை அடித்து டெலிகிராமில் விடுகிறவரும் நம் வகுப்பறையில் இருந்து போனவர்தான்.

என்ன செய்யலாம்?

சொந்தமாகக் காணொளி எடுத்துப் போடுகிறவர்கள் முதலில். சேனல் பெயரை ஓரத்தில் போடாதீர்கள், வெட்டிவிடுவார்கள். காட்சியின் நடுவே, மங்கலாகப் போடுங்கள். ஊர், தேதி, உங்கள் பெயர் மூன்றையும் காணொளிக்குள்ளேயே வாயால் சொல்லுங்கள், அதுவும் நடுவில் ஓர் இடத்தில். கைப்பேசியில் எடுத்த மூலக் கோப்பை அழிக்காதீர்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பும் முன் உங்கள் சேனலில் ஏற்றிவிடுங்கள். அந்தத் தேதிதான் உங்கள் சாட்சி.

திருட்டு நடந்துவிட்டால் தனியாக மல்லுக்கட்ட வேண்டாம். தளத்தின் பதிப்புரிமைப் படிவத்தோடு எழுத்துப்பூர்வப் புகாரும் அனுப்புங்கள். 2013ஆம் ஆண்டின் பதிப்புரிமை விதிகளில் 75ஆவது விதிப்படி, புகார் முறையாக இருந்தால் 36 மணி நேரத்துக்குள் அந்த நகலை முடக்க நடவடிக்கை எடுக்க வேண்டும். முடக்கம் 21 நாட்கள் நிற்கும். அதற்குள் நீதிமன்ற உத்தரவு பெற வேண்டும். தளத்தின் குறைதீர் அலுவலர் சொன்ன பதில் திருப்தி இல்லையென்றால், ஒன்றிய அரசு 2023இல் அமைத்த மேல்முறையீட்டுக் குழுவுக்கு முப்பது நாட்களுக்குள் இணையவழியே போகலாம். இவற்றைத் தமிழில் நிரப்பித் தர ஊருக்கு ஒருவர் போதும். இ-சேவை மையங்களில் இதையும் ஒரு சேவையாகச் சேர்க்கலாம்.

ஏலம் நடத்தும் கூட்டுறவு விற்பனைச் சங்கம், ஏலம் முடிந்த அன்றே தேதியும் முத்திரையும் போட்ட விலைப் பட்டியலைத் தானே வெளியிட்டால், தேதி இல்லாத எந்தப் பட்டியலையும் நம்ப வேண்டாம் என்று விவசாயிக்குச் சொல்லிவிடலாம். செலவு ஒன்றும் இல்லை.

பள்ளிகளில் திட்டப்பணிக்கு மதிப்பெண் போடும்போது, எங்கிருந்து எடுத்தாய் என்று எழுதியிருப்பதற்குத் தனி மதிப்பெண் கொடுங்கள். ஊர் நூலகமும் பேரூராட்சியும் சேர்ந்து ஆண்டுக்கு ஒரு போட்டி வைக்கலாம். மஞ்சள் வேகவைக்கும் முறை, நாதசுரக் குடும்பங்களின் நினைவுகள், பக்கத்து ஊரான மெட்டாலா, போதமலை என்று ஊருக்கே உரிய விஷயங்களை மாணவர்கள் தாங்களே கேட்டு, எடுத்து, பெயரும் தேதியும் போட்டு, எல்லோரும் பயன்படுத்தும் உரிமத்தில் வெளியிடட்டும். முதல் பரிசு பெற்றவரின் பெயர் நூலகப் பலகையில் இருக்கட்டும். 1953இல் யாரோ ஒருவர் எழுதி வைத்த மாதிரி, இதுவும் எங்காவது உதவும்.

தளங்களிடம் கேட்க வேண்டியதும் உண்டு. தமிழ்ப் புகாரைத் தமிழ் தெரிந்த ஆள் பார்க்க வேண்டும். நகலை நீக்குவதோடு நிற்காமல், அது ஈட்டிய வருமானத்தை அசல்காரருக்கு மாற்றித் தர வேண்டும். நகல் காணொளிகளில் அசலுக்கு இணைப்பு கொடுப்பதைச் சோதித்துப் பார்ப்பதாக ஃபேஸ்புக் சொன்னது. அது சோதனையாகவே நின்றுவிடக் கூடாது.

பணம் வேண்டாம் என்று விட்டுக்கொடுத்த படைப்பிலும் பெயரை எடுக்க யாருக்கும் உரிமை இல்லை. மோகனூரில் பிறந்த நாமக்கல் கவிஞரின் நூல்கள் நாட்டுடைமையானவை. யார் வேண்டுமானாலும் அச்சிடலாம். அதற்காக அட்டையில் வேறொருவர் பெயரைப் போட முடியுமா? உரிமையை விற்ற பிறகும் படைத்தவர் தன் பெயரைக் கோரலாம் என்று பதிப்புரிமைச் சட்டத்தின் 57ஆம் பிரிவு சொல்கிறது.

போலீஸுக்குப் போவதை நான் கடைசி வழியாகவே சொல்வேன். வணிக நோக்கில் செய்த மீறலுக்கு 63ஆம் பிரிவில் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை உண்டு. பிடியாணை இல்லாமலே கைது செய்யக்கூடிய, ஜாமீனில் விட முடியாத குற்றம் இது என்று 2022இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. விவரம் தெரியாமல் பகிர்ந்த பதினெட்டு வயதுப் பையன்மீது அதைப் பாய்ச்சுவது நியாயம் ஆகாது. முதலில் ஒரு செய்தி அனுப்பிப் பெயரைப் போடச் சொல்லுங்கள். பெரும்பாலானோர் போட்டுவிடுவார்கள். தொழிலாகவே செய்கிறவர்மீது உரிமையியல் வழக்குப் போடலாம். அதற்குச் சென்னைக்கோ டெல்லிக்கோ அலைய வேண்டியதில்லை. படைப்பாளி குடியிருக்கும் மாவட்டத்தின் நீதிமன்றத்திலேயே வழக்குத் தொடர 62ஆம் பிரிவு இடம் தருகிறது. நாமகிரிப்பேட்டைக்காரருக்கு அது நாமக்கல்.